மூன்று பேட்டரி, ஒரு ஒயர்

போன வருஷம் ஆடி மாசம். ஜெர்மனியில் வேலை பார்க்கிற நண்பன் ஊருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு சின்ன அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். அங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு பாட்டியிடம் பேரம் பேசி வாங்கியதாம். உள்ளே கைக்குள் அடங்குகிற ஒரு மோட்டார், ஒரு பேட்டரிப் பெட்டி, இரண்டையும் இணைக்க ஒரு ஒயர். லெகோ நிறுவனம் 1977-இல் விற்பனைக்கு விட்ட மோட்டார் செட். என்னைவிட எட்டு வயசு மூத்தது.

பெட்டிக்குள் இருந்த தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உப்புத்தாளைச் சின்னதாக மடித்துத் தேய்த்து எடுத்தேன். அதற்கு வேண்டிய நடு சைஸ் பேட்டரி தெருமுனைக் கடையில் இல்லை, மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. ஒன்றரை வோல்ட்டில் மூன்று, ஆக நாலரை வோல்ட். ஒயரைச் செருகினேன். ஒரு நொடி முனகல். அப்புறம் ஓட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு நாற்பது வயது. கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பிளாஸ்டிக் கட்டைகளில் லாரியும் டிராக்டரும் செய்து, அதில் மோட்டார் வைத்து ஹாலில் ஓட்டுகிறவன் நான். "பாப்பாவுக்கா?" என்று கேட்பவர்களிடம் முன்பெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. அந்த முனகல் சத்தத்தைக் கேட்ட ராத்திரி ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்குக் கடையில் விற்கிற மோட்டார் வண்டி நாற்பத்தெட்டு வருஷம் கழித்து இதே மாதிரி எழுந்து ஓடுமா? அதைத் தேடிப் போனதில்தான் இந்த வரலாறு கிடைத்தது.

ஆரம்பத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிந்த கதை. டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற சிற்றூர். அங்கே ஓலெ கிர்க் கிறிஸ்டியான்சென் என்கிற தச்சர், 1932-இல், மந்த காலத்தில் வேலை இல்லாமல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்கிற இரண்டு சொற்களின் முன்பாதியைச் சேர்த்தால் லெகோ. போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வார்க்கும் எந்திரம் வாங்கினார். 1949-இல் முதல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. அவை இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் செய்துவந்த கட்டைகளைப் பார்த்துச் செய்தவை. பேஜ் 1957-இல் இறந்துபோனார். கிட்டிகிராஃப்ட் கட்டையின் உரிமையை லெகோ காசு கொடுத்து வாங்கியது 1981-இல். பிறகு தன் கட்டையை நகலெடுத்தவர்கள்மேல் நாடு நாடாக வழக்குப் போட்ட நிறுவனம் இது என்பதால் இந்த வருஷங்களை நான் மறப்பதில்லை.

கட்டைக்கு அடியில் குழாய் வைத்து இறுக்கிப் பிடிக்க வைத்தது லெகோவின் சொந்தக் கண்டுபிடிப்பு. 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அன்றைய அளவு இன்றுவரை மாறவில்லை. 1962-இல் சக்கரம் வந்தது, 1966-இல் பேட்டரியில் ஓடும் ரயில். சக்கரமும் மோட்டாரும் வந்துவிட்டன, சரி. ஆனால் அந்த ரயிலில் மோட்டார் என்பது ஒரு மூடிய பெட்டி. சக்தி எங்கே பிறந்து எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது என்பது வெளியே தெரியாது.

அது தெரிந்தது 1977-இல்தான். அந்த வருஷம் பொறியியல் செட்டுகள் என்று ஒரு புது வரிசை வந்தது. ஃபோர்க்லிஃப்ட், டிராக்டர், ஹெலிகாப்டர், அப்புறம் 853 என்ற எண் போட்ட கார் சேசிஸ். அந்த 853-க்கு மேல்கூடு கிடையாது. கதவு இல்லை, பானட் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். வண்டியைத் தள்ளினால் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும். பிஸ்டன்கள் சதுரம், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். இருந்தாலும் வேலை நிஜம். மூன்று வருஷம் கழித்து 1980-இல் வந்த 8860 சேசிஸில் கியர்பாக்ஸ், பின்சக்கர சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல் எல்லாம் வந்துவிட்டன. வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற வேண்டும் என்பதைப் படம் போட்டு விளக்காமல் விரலில் உணரவைத்த பொம்மை அது. 1980-களில் இந்த வரிசைக்கு டெக்னிக் என்று பெயர் நிலைத்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அந்தக் கணக்கால்தான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். டெக்னிக் சட்டத்தில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 8 மில்லிமீட்டர். 8 பல் கொண்ட சக்கரத்தின் ஆரம் 4 மி.மீ., 24 பல் சக்கரத்தின் ஆரம் 12 மி.மீ. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நடுவிலிருந்து நடுவுக்கு 16. அதாவது சரியாக இரண்டு துளை தள்ளி. 8-உம் 40-உம் என்றால் 24 மி.மீ., மூன்று துளை. பல்லின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாதியாக்கினால் தூரம் வந்துவிடும்! எந்தப் பொறியியல் பாடமும் தெரியாத பத்து வயசுப் பையன்கூட கியர் கோத்துவிடலாம்.

ஆனால் இது படுக்கைவாட்டில்தான். கட்டையின் உயரம் 8 அல்ல, 9.6 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடையே 9.6, எந்த கியரும் பொருந்தாது. இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு சட்டங்களுக்கு நடுவில் 3.2 மி.மீ. பட்டைத் தகடு இரண்டைச் செருகினால் 9.6 + 6.4 = 16. மறுபடி இரண்டு துளை. பழைய ஆட்களின் வண்டிகளில் எங்கே பார்த்தாலும் இந்த 'ஒரு கட்டை, இரண்டு தகடு' அடுக்கு இருக்கும், வீட்டுச் சுவரில் கல்லும் காரையும் மாறி மாறி வருவதுபோல. 2000-ஐ ஒட்டி, மேலே புடைப்பே இல்லாத, உயரமும் 8 மி.மீ. ஆன வழவழப்பான சட்டங்களுக்கு நிறுவனம் மாறியது. கணக்கு சுலபமாயிற்று, எந்தத் திசையிலும் கட்டலாம். பழையவர்களுக்கு இன்றைக்கும் அதில் ஒரு வருத்தம் இருக்கிறது. கட்டையே இல்லாமல் என்ன கட்டை விளையாட்டு என்பார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும்.

அப்பா கணபதியில் முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவர். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்து எங்களைப் படிக்கவைத்தார். முதலில் என் மேஜையைப் பார்த்து, "இதென்றா, இந்த வயசுல?" என்றதோடு சரி. ஒருநாள் ஏதோ தோன்றி, பரணில் இருந்த மைக்ரோமீட்டரை எடுத்துவந்தார். 1970-களின் பழைய கட்டை, 90-களில் வந்தது, போன வருஷம் வாங்கியது என்று மூன்றை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அகலத்தை அளந்தார். மூன்றும் 15.8-ஐ ஒட்டியே நின்றன. அச்சு வெட்டும்போதே ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் உள்ளேதான் பிசகு அனுமதிக்கிறார்கள்.

"எந்தூர்க்காரன்டா பண்ணுனது?"

"டென்மார்க்குங்கப்பா."

"இப்படி வந்துச்சுன்னா பார்ட்டி ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் பண்ண மாட்டான்."

அதற்கப்புறம் என் வண்டிகளைக் கையில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் செய்த முதல் பெரிய லாரியில் மூன்று அடுக்கு கியர் வைத்திருந்தேன். ஒவ்வொரு அடுக்கும் மூன்றுக்கு ஒன்று, மொத்தம் இருபத்தேழுக்கு ஒன்று. லெகோவின் பெரிய மோட்டார் அது. சும்மா ஓடவிட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 220 சுற்று, பிடித்து நிறுத்தினால் சுமார் 40 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்கு. அதை இருபத்தேழால் பெருக்கிப் பாருங்கள். சோபாக் காலில் சக்கரம் மாட்டியது, மோட்டார் நிற்கவில்லை. பிளாஸ்டிக் ஆக்ஸில் முறுக்குப் பிழிந்த மாதிரி திருகிக்கொண்டது. "நடுவுல ஸ்லிப் ஆகறாப்ல ஒண்ணு வெச்சிருக்கோணும்" என்றார் அப்பா. வெள்ளை நிறத்தில் 24 பல்லோடு அதற்கென்றே ஒரு சக்கரம் உண்டு, அளவுக்கு மீறினால் நடுவில் வழுக்கிவிடும். என் பெட்டியிலேயே இருந்தது. நான்தான் போடவில்லை.

பெரியவர்கள் இந்த விளையாட்டுக்குள் எப்போது வந்தார்கள் என்று கேட்டால், உண்மையில் அவர்கள் வெளியே போனதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். லெகோவுக்கு முன்பே லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை வாங்கிய துளைத்தகடு-திருகு பொம்மை, பிறகு மெக்கானோ என்று பேர் பெற்றது. எங்கள் தலைமுறையில் பலருக்கு இங்கே கிடைத்த 'மெக்கானிக்ஸ்' பெட்டி அந்த வம்சம்தான். 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் மெக்கானோ துண்டுகளை வைத்தே ஒரு கணக்கிடும் எந்திரம் கட்டினார்கள். அணுவின் அமைப்பு பற்றிய நிஜமான சமன்பாடுகளுக்கு அது விடை தந்தது. செலவு சுமார் 20 பவுண்டு.

லெகோவில் அப்படி ஒரு கூட்டம் ஒருவரையொருவர் கண்டுகொண்டது 1990-களில், இணையம் வந்த பிறகு. அதுவரை ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டியவர்கள். பதின்ம வயதில் கட்டைகளை மூட்டைகட்டிப் பரணில் போட்டதற்கும் பெரியவனாகித் திரும்ப எடுத்ததற்கும் நடுவில் இருக்கிற வருஷங்களுக்கு அவர்களே வைத்த பெயர், இருண்ட காலம்.

இவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன், ஆஸ்திரேலியர். 1995-இல் எல்டிரா என்ற ஒரு நிரலை எழுதினார். கட்டைகளைக் கணினித் திரையில் அடுக்கலாம். கோப்பைத் திறந்தால் வெறும் எழுத்தும் எண்ணும்தான். ஒரு வரிக்கு ஒரு துண்டு, என்ன நிறம், எந்த இடம், எந்தப் பக்கம் திரும்பி. அளவுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு 0.4 மில்லிமீட்டர். அதில் கட்டையின் அகலம் 20, உயரம் 24, தகடு 8. மேலே நான் புலம்பிய அந்த 9.6 மி.மீ. சிக்கல் முழு எண்ணாக அடங்கிவிட்டது. காசு வாங்காமல் கொடுத்தார். 1997-இல், இருபதுகளிலேயே இறந்துபோனார். அவருடைய வேலையை மற்றவர்கள் கையில் எடுத்து, துண்டு துண்டாக அளந்து சேர்த்துக்கொண்டே போனார்கள். நேற்று நான் வரைந்த லாரியின் கோப்பும் அவருடைய வடிவத்தில்தான் இருக்கிறது.

இதே உழைப்பு மோட்டார்களுக்கும் நடந்தது. பிரான்சில் ஃபிலிப் யூர்பேன் ஒவ்வொரு மோட்டாரையும் சுமை வைத்து ஓட்டி, சுற்று, முறுக்கு, மின்சாரம் என்று அட்டவணை போட்டார். பெட்டியில் அந்த எண்கள் அச்சாவதில்லை. நான் மேலே சொன்ன 220-உம் 40-உம் அவர் அளந்தவை. போலந்தின் பவெல் க்மியெச், சாரியல் என்ற பெயரில் எழுதுபவர், 2012-இல் டெக்னிக் கட்டுவதற்கென்றே ஒரு தடித்த கையேடு கொண்டுவந்தார். குழந்தைகள் படிக்கிற புத்தகமில்லை அது.

நிறுவனம் இவர்களை என்ன செய்தது? ரொம்ப நாள் ஒன்றும் செய்யவில்லை. தன் வாடிக்கையாளர் பையன்கள் என்றே அது கணக்கு வைத்திருந்தது. 1998-இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் வந்தது, உள்ளே நுண்செயலி வைத்த மஞ்சள் கட்டை, மோட்டார்களை நிரல் எழுதி ஓட்டலாம். சில வாரங்களுக்குள் ஸ்டான்ஃபோர்ட் மாணவர் கெக்கோவா பிரவுட்ஃபுட் அதன் உள்கட்டமைப்பைப் பிரித்து எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டார். அதை வைத்து டேவ் பாம் ஒரு மொழியை உருவாக்கினார், மார்கஸ் நோகா முழு இயக்க முறைமையையே எழுதினார். நிறுவனம் யோசித்தது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா, விட்டுவிடலாமா? கடைசியில் விட்டார்கள். விட்டதோடு நிற்காமல், பிரித்து மாற்றும் உரிமையை மென்பொருள் உரிமத்திலேயே சேர்த்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

2003, 2004 இரண்டு வருஷமும் லெகோவுக்குப் பெரிய நஷ்டம். 2004-இல் யோர்கன் விக் குனுட்ஸ்டோர்ப் தலைமைக்கு வந்தார், குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்தவர். அந்த நெருக்கடியில்தான் பெரியவர்கள் கண்ணில் பட்டார்கள். அடுத்த மைண்ட்ஸ்டார்ம்ஸை வடிவமைக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்து நான்கு பேரை ரகசியமாக ஆலோசனைக்கு அழைத்தார்கள். பில்லுண்டுக்கு விமான டிக்கெட் அவர்கள் சொந்தக் காசு. கூலி, கட்டைகள். இதைக் கேட்டு நம்மில் சிலருக்குக் கோபம் வரலாம். அவர்களுக்கு வரவில்லை. கூப்பிட்டிருந்தால் நானும் போயிருப்பேன், சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருக்கவும் மாட்டேன்.

2007-இல் பவர் ஃபங்க்ஷன்ஸ் என்கிற புது மின்சார வரிசை வந்தது. அதற்குப் பிந்திய பத்து வருஷங்களைப் பொற்காலம் என்று சொல்லலாம். 1990-இல் வந்த மோட்டாரில் உள்ளே கியர் கிடையாது, நிமிஷத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் சும்மா சுற்றும். அதை அடக்குவதற்கே பாதி இடம் போய்விடும். புது மோட்டார்கள் உள்ளேயே வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டித் தந்தன. பிளக்கின்மேல் பிளக் அடுக்கலாம். ரிமோட் உண்டு, வெயிலில் மட்டும் சரியாக வேலை செய்யாது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் ஓடும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அந்தக் காலத்தில்தான் மனிதர் உட்கார்ந்து ஓட்டும் கார்களும் வந்தன. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் சம்மார்ட்டினோ ட்விட்டரில் முதல் திரட்ட, ருமேனியாவில் ராவுல் ஒயிடா என்கிற இளைஞர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளில் காற்றழுத்தத்தில் ஓடும் காரைக் கட்டினார். 2013-இல் அது ஓடியது. எஞ்சின்களில் 256 பிஸ்டன், எல்லாம் லெகோ. ஐந்து வருஷம் கழித்து நிறுவனமே களத்தில் இறங்கி, செக் நாட்டின் கிளாட்னோவில் புகாட்டி ஷிரோன் காரை முழு அளவில் செய்தது. பத்து லட்சத்துக்கும் மேல் துண்டுகள், எடை 1,500 கிலோ. பந்தய வீரர் ஆண்டி வாலஸ் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டிக் காட்டினார். அதற்குள் இருந்த பொம்மை மோட்டார்கள் 2,304. கணக்குப்படி மொத்த சக்தி 5.3 குதிரைத்திறன். அப்பாவிடம் சொன்னேன். "அஞ்சு எச்.பி.ன்னா நம்ம தோட்டத்துக் கெணத்து மோட்டாரு. அதுக்கு எதுக்குடா இத்தன?"

பிறகு 2019. டெக்னிக்கில் கன்ட்ரோல் பிளஸ் வந்தது. அந்த வருஷத்தின் பெரிய செட், லீபெர் சுரங்கத் தோண்டி எந்திரம். 4,108 துண்டுகள், ஏழு மோட்டார்கள். பவர் ஃபங்க்ஷன்ஸை நிறுத்தினார்கள். புது மோட்டார் தான் எத்தனை பாகை திரும்பியிருக்கிறேன் என்பதைத் தானே அறியும். ஸ்டியரிங்கை நேரே கொண்டுவந்து நிறுத்தும், வெயிலிலும் வேலை செய்யும். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்த எந்திரத்தை நகர்த்த ஒரு போன் வேண்டும், போனில் நிறுவனத்தின் செயலி வேண்டும், செயலிக்கு அந்தப் போனின் இயங்குதளம் ஒத்துவர வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மோட்டார், பேட்டரி எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி நகராது. 1977-இல் மோட்டாரும் அதை வாங்கியவனும் மட்டும் இருந்த இடத்தில் இப்போது மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார்.

நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. தன் கம்பியில்லாத் தொடர்பின் மொழியை அதுவே ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. 1998-இல் கற்ற பாடம் முழுக்க மறந்துபோகவில்லை. அந்தக் கதவு வழியாகத்தான் லாரன்ஸ் வால்க், டேவிட் லெக்னர் இருவரும் பைபிரிக்ஸ் என்ற இலவச நிரலைச் செய்திருக்கிறார்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால் பேட்டரிக் கட்டையே தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், போன் தேவையில்லை. ஆனால் இதையும் செய்தவர்கள் வெளியாட்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2022-இல் மைண்ட்ஸ்டார்ம்ஸை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தபோதும், பழைய கட்டைகளை உயிரோடு வைத்திருக்கிற வேலை இவர்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழுந்தது. 2020 முதல் கறுப்புப் பெட்டியில் '18+' என்று அச்சடித்துப் பெரியவர்களை வரவேற்கிறார்கள். அலமாரியில் வைத்துப் பார்க்கிற பெரியவருக்கு அந்த வரவேற்பு போதும். பிரித்து மாற்றிக் கட்டுகிற பெரியவரை அந்தப் பெட்டி நினைத்ததா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

அந்தப் பழைய மோட்டாரை இப்போது ஒரு லாரியில் பூட்டிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் பட்டையாக, பழைய லேலண்ட் மாதிரி. முறுக்கு போதாது என்று அடுக்கைக் கூட்டிக்கொண்டே போய், இப்போது நூறுக்கு ஒன்றைத் தாண்டிவிட்டது. வெள்ளைச் சக்கரத்தை இந்தத் தடவை மறக்கவில்லை. நடக்கிற வேகத்தில் பாதிகூட வராது, ஆனால் நாலைந்து மைசூர்பாகு டப்பாவை ஏற்றிக்கொண்டு ஹாலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடும். ஸ்டியரிங்தான் சிக்கல். மோட்டார் அகலமாக இருப்பதால் பல்சட்டம் இடதுபக்கம் முழுசாக நகரமாட்டேன் என்கிறது. அப்பா மோட்டாரைப் பின்னால் தள்ளு என்கிறார். தள்ளினால் பேட்டரிப் பெட்டிக்கு இடமில்லை. பாப்பா, பேட்டரியைத் தனியாக இன்னொரு வண்டியில் வைத்து ஒயரோடு பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்துபார்க்க வேண்டும்.